ஐந்து பேரில் ஒருவர்

மலர்க் குழுவினர் "நம்ம கூடைப்பந்து அணியைப் பத்தி ஒரு கட்டுரை எழுதித் தாங்கண்ணே" என்று கேட்டார்கள். கோப்பைக் கணக்கெல்லாம் உடற்கல்வித் துறை அலமாரியில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, புதிதாகச் சேரும் ஒரே ஒரு ஆட்டக்காரரால் ஒரு கல்லூரி அணியே எப்படி மாறிப்போகிறது என்பதை எழுதலாமென்று நினைக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கலாமா கூடாதா என்ற வாக்குவாதம், மேட்டூர்த் தண்ணீரைப் போல வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் கிளம்புவதுதானே!

தஞ்சைத் தரணிக்குக் கூடைப்பந்து சொந்த ஆட்டம் அல்ல. அறுவடை முடிந்த வயலில் கோடு கிழித்தால் கபடி. இரண்டு மூங்கிலை நட்டு வலை கட்டினால் வாலிபால். கூடைப்பந்துக்கோ கெட்டித் தரை வேண்டும். ஐப்பசி மழையில் நம் களிமண்ணில் பந்து எங்கே எழும்பும்? சேற்றில் போட்ட பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்துவிடும். 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடையை மாட்டித் தொடங்கிய ஆட்டம் இது. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு, நம் பக்கம் இது பரவியதில் பெரிய பங்கு உண்டு.

கபடியில் களத்தில் 7 பேர், வாலிபாலில் 6 பேர், இதில் 5 பேர்தான். அதனால் நல்ல ஆள் ஒருவர் வந்தால் ஐந்தில் ஒரு பங்கு அணி மாறிவிட்டது என்று அர்த்தம். கணக்கு அதோடு நிற்பதில்லை என்பதற்கு லாரி பேர்டு கதையைச் சொல்ல வேண்டும்.

இந்தியானா மாநிலத்தில் ஃபிரெஞ்ச் லிக் என்று ஒரு சிற்றூர். சுமார் 2,000 பேர். நம்ம பக்கத்து ஊராட்சி ஒன்றுக்குச் சமம். அங்கே வளர்ந்த பேர்டு, 1974-ல் முப்பதாயிரம் பேருக்கு மேல் படிக்கும் இந்தியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, 24 நாளில் ஊர் திரும்பிவிட்டார். ஊரில் குப்பை வண்டி வேலை. அப்போதும் அவரை விடாமல் தேடிப் போனவர், இந்தியானா ஸ்டேட் என்னும் சின்னக் கல்லூரியின் துணைப் பயிற்சியாளர் பில் ஹாட்ஜஸ். 1975-ல் பேர்டு அங்கே சேர்ந்தார். விதிப்படி ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டியிருந்தது. அந்த வருஷம் அணி 13 வெற்றி, 12 தோல்வி. அவர் களமிறங்கிய மறு வருஷம் 25 வெற்றி, 3 தோல்வி. 1978-79-ல் தொடர்ந்து 33 வெற்றி!

இதில் எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். 1979-ல் ஆர்கன்சாஸ் அணியை 73-71 என்று வென்ற ஆட்டத்தில் கடைசிப் பந்தைப் போட்டது பேர்டு அல்ல, பாப் ஹீட்டன். வலக்கைக்காரரான அவர் இடக்கையால் போட்டார். பேர்டை மறிக்க எதிரணியில் இரண்டு பேர் ஓடினால் நம்மில் ஒருவர் சும்மா நிற்பார் அல்லவா? அவருக்குப் பந்தைக் கொடுக்கத் தெரிந்தவர் பேர்டு. மார்ச் 26 இறுதி ஆட்டத்தில் மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட், பேர்டைச் சுற்றி வேலி கட்டி 75-64 என்று ஜெயித்தது. அவர் எறிந்த 21-ல் 7 தான் விழுந்தது. பேர்டு படிப்பை முடித்துப் போனார். தேசியப் போட்டிக்கு அந்தக் கல்லூரி மறுபடி தகுதி பெற்றது 2000-ல்தான்.

நம் கல்லூரிக்கும் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருவர் வந்தார். எம்.ஏ. படிக்க நெய்வேலிப் பக்கமிருந்து. ஆறடி மூணு அங்குலம். நான் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, அணியின் சென்டர். அவர் வந்ததும் பெஞ்சுக்குப் போனவன் நான்தான். வருத்தம் இல்லாமலா இருக்கும்? "ரெண்டு வருஷத்துல போயிடப் போற ஆளுக்காக நம்ம பையனை உட்கார வைக்கிறாங்களே" என்று ஹாஸ்டலில் எனக்காகப் பேசியவர்களும் உண்டு.

ஆனால் அதுவரை எங்கள் ஆட்டம் ஆட்டமே இல்லை. பந்து கிடைத்தவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவான். அண்ணன் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, பந்தைக் குடுத்துட்டு ஓடு, திரும்ப வரும்." வந்தது. இரண்டு பேர் அவரை மறிக்க, பட்டுக்கோட்டைப் பையன் ஒருவன் வளையத்துக்கடியில் தனியே நின்று பாயின்ட் பாயின்டாகப் போட்டான். அவனுக்கு அதற்கு முன் ஃப்ரீ த்ரோகூட ஒழுங்காகப் போட வராது. காலை ஐந்தரைக்கு அண்ணன் மைதானத்தில் நிற்பார். முதல் வாரம் கூட நின்றவர்கள் மூன்று பேர்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் கேட்கலாம், ஆள் எடுப்பது சரியா என்று. எடுக்கலாம் என்பேன். அவரோடு ஆடப் பழகிய முதலாமாண்டுப் பிள்ளைகள் நாலு பேராவது பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோப்பை அவரோடு பஸ் ஏறிவிடும்.

அவர் போன மறு வருஷம் நான் எம்.எஸ்ஸி.க்கு அங்கேயே சேர்ந்து, மறுபடி சென்டர் ஆனேன். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். ஆனால் மறுநாள் காலை ஐந்தரைக்கு, தூறலோடு, பதினோரு பேர் வந்திருந்தார்கள்.