வாங்கிய கையிலிருந்து கொடையைப் பார்த்தல்

எதிர்பார்ப்பே இல்லாத கொடை உண்டா என்ற கேள்வி பெரும்பாலும் கொடுப்பவரின் மனத்தைத் துருவும் கேள்வியாகவே இருந்துவந்திருக்கிறது. மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தம் ஆய்வில் கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் மூன்றையும் கடமைகளாகவே கண்டார். தத்துவவாதி ழாக் தெரிதா 1991இல் இதை மேலும் இறுக்கினார்: இரு தரப்பில் எவருக்கேனும் இது கொடை என்று தெரிந்துவிட்டாலே அது கடனாகிவிடும் என்பது அவர் வாதம். தமிழிலும் இந்த நோக்கு பழையது. மறுமைப் பயனுக்காக அறம் செய்பவன் அல்லன் என்று வள்ளல் ஆயைப் புறநானூறு 134இல் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் போற்றுகிறார். வறியவர்க்குத் தருவதே ஈகை, ஏனையவை ஈடு நோக்கியவை என்கிறது 221ஆம் குறள். இவை அனைத்தும் கொடுத்த கையின் தூய்மையை அளப்பவை. வாங்கிய கைக்கு என்ன நேர்கிறது என்று கேட்டால், கடப்பாடு கொடையின் களங்கமாகத் தோன்றாது என்பதே என் வாதம்.

சங்கப் புலவர் பெருஞ்சித்திரனாரை எடுத்துக்கொள்வோம். மலை பல கடந்து வந்த அவரை நேரில் காணாமலே அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் கொடுத்தனுப்பினான். புலவர் ஏற்கவில்லை (புறம் 208). தம் தகுதி அறிந்து தந்தால் மிகச் சிறியதும் தமக்கு இனிதே என்கிறார். தெரிதாவின் அளவுகோலின்படி, முகம் காணாமல் தந்தது கலப்பற்ற கொடைக்குச் சற்று அருகில் வர வேண்டும். பெற வந்தவருக்கோ அது அவமதிப்பாகப் பட்டது. அவர் வறுமை அறியாதவர் அல்லர். பசித்த வீட்டைப் பற்றி அவரளவுக்குப் பாடியவர்கள் சிலரே.

அதே புலவர் வள்ளல் குமணனிடம் பெற்று வந்த வளத்தை மனைவியிடம் தந்து, யார் எவர் என்று பாராமல் எல்லோருக்கும் வழங்கச் சொல்கிறார் (புறம் 163). அவர் சொல்லும் வரிசையில், சுற்றத்தின் கடும்பசி தீரக் கைமாற்றுக் கொடுத்தவர்களும் இடம்பெறுகிறார்கள். குமணனின் பரிசில் வந்து சேரும்வரை அந்தக் குடும்பத்தைத் தாங்கியதில் திரும்பி வரும் என்று நம்பிக் கொடுத்த இவர்களுக்கும் பங்குண்டு. குறள் ஈகைக்கு வெளியே நிறுத்திய கொடுக்கல் வாங்கல்தான் இது. அதைத் தாழ்வாகக் கருத எனக்கு மனம் வரவில்லை.

இன்றைய மொய்யும் இந்த மரபினதே. கல்யாண வீட்டில் பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறுகின்றன. ஒரு விசேஷத்துக்குப் புறப்படும் முன் பழைய நோட்டைப் புரட்டி, அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று பார்த்துக்கொள்கிறார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணி வட்டாரங்களில் மொய்க்கென்றே விருந்து வைக்கிறார்கள். வாங்கியதோடு கொஞ்சம் கூட்டிச் செய்வது வழக்கம். பழைய மொய் தீர்கிறது. கூட்டியது புது மொய்யாக எதிர்ப்பக்கம் ஏறுகிறது. இப்படிக் கணக்கு தீராமல் இருப்பதால் உறவும் அறுவதில்லை. வாங்கியவர் நாளை செய்யப்போகிறவர் என்பது ஊரறிந்தது என்பதால் அவர் யாரிடமும் கூனிக்குறுக வேண்டியதில்லை. மொய் திருப்ப வட்டிக்கு வாங்கும் குடும்பங்கள் உண்டு. அந்தத் துன்பத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் அது, திருப்ப வேண்டிய தொகை வசதியை மீறும்போது எழும் துன்பம். திருப்பும் வழியே இல்லாதபோது எழுவது வேறு வகை.

அந்த வகைக்கு உறுப்புக் கொடையே சான்று. உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களை ஆராய்ந்த ரெனே ஃபாக்ஸ், ஜூடித் ஸ்வேஸி இருவரும், ஈடு செய்ய முடியாத கொடை, பெற்றவரை ஆளும் கொடுங்கோலாக மாறக்கூடும் என்று காட்டினர். இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பை விலைக்கு விற்பதைத் தடுக்கிறது. விலை இல்லை என்பதாலேயே பாரம் இறங்கிவிடுவதில்லை. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பமும் உறுப்பைப் பெற்றவரும் ஒருவரையொருவர் அறியாதபடி காக்கும் நடைமுறை அந்தப் பாரத்தைக் குறைக்கிறது. கூடவே, நன்றி சொல்லும் வாயிலையும் அடைத்துவிடுகிறது. நேரில் காணாக் கொடையைப் பெருஞ்சித்திரனார் மறுக்க முடிந்தது. உயிருக்குப் போராடுபவருக்கு அந்த உரிமை பெயரளவில்தான் உண்டு.

இறந்தபின் உறுப்பு ஈந்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்ததை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். கைம்மாறு கருதாக் கொடைக்குக் கைம்மாறு தருவது முரண் என்று சிலர் கருதலாம். பெற்றவரால் திருப்ப முடியாததில் ஒரு பங்கை அவர் சார்பில் சமூகம் ஏற்கிறது என்பதே என் வாசிப்பு.