ரோசன்பெர்க்: ஒரு பெயரின் வரலாறு

பள்ளி விண்ணப்பத்திலும் அலுவலகப் படிவத்திலும் ‘குடும்பப் பெயர்’ என்னும் கட்டம் எதிர்ப்படும்போதெல்லாம், தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டுமே தாங்கி வாழும் நாம் சற்றே திகைத்து நிற்கின்றோம். எதையேனும் எழுதிவிட்டாலோ, அதுவே நம் குலத்தை உரைப்பதாக அயலார் கொள்கின்றனர். குடும்பப் பெயர் மெய்யாகவே குலத்தை உரைக்குமா? இவ்வினாவிற்கு ஐரோப்பிய வரலாறு தரும் விடையொன்றை ஈண்டு நோக்குவோம்.

ரோசன்பெர்க் என்பது ஜெர்மன் மொழிப் பெயர்; ‘ரோஜா மலை’ என்பது அதன் பொருள். அம்மொழி வழங்கிய நிலப்பரப்பில் இப்பெயருடைய ஊர்களும் கோட்டைகளும் பல உள. அவ்வூர்களினின்று வந்தோரைப் பிறர் ஊர்ப்பெயரால் அழைக்க, நாளடைவில் அதுவே குடும்பப் பெயராயிற்று. பொஹீமியாவில் இப்பெயர் தாங்கிய பிரபுக் குடும்பமொன்று, ஐந்திதழ்ச் செந்நிற ரோஜாவைச் சின்னமாகக் கொண்டு செல்வாக்குடன் விளங்கி, 1611-ஆம் ஆண்டில் வழித்தோன்றல் இன்றி முடிவுற்றது.

யூதர்க்கு இப்பெயர் வாய்த்த வழி வேறு. அவருள் பெரும்பாலார் நம்மைப் போன்றே தந்தை பெயரைச் சேர்த்து, ‘இன்னார் மகன் இன்னார்’ என்றே வழங்கி வந்தனர். வரிக்கும் படைக்கும் மக்களைப் பதிவு செய்ய விரும்பிய அரசுகள் இவ்வழக்கை மாற்றின. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787-இல் பிறப்பித்த ஆணை, யூதர் யாவரும் நிலையான ஜெர்மன் குடும்பப் பெயர் பூணவேண்டும் என விதித்தது. 1812-இல் பிரஷ்ய அரசும், குடியுரிமை பெற விரும்பிய யூதர்க்கு நிலையான பெயரைக் கட்டாயமாக்கியது. சிலர் ஊர்ப்பெயரைக் கொண்டனர். வேறு சிலர் ரோஜா, மலை, பொன், விண்மீன் எனச் செவிக்கினிய சொற்களை இணைத்துக்கொண்டனர். இவ்வாறு, தம்முள் யாதோர் உறவுமில்லாத குடும்பங்கள் பல ரோசன்பெர்க் ஆயின. பின்னர் அமெரிக்காவிற்கும் இங்கிலாந்திற்கும் கப்பலேறிய யூதர் அப்பெயரை அங்கும் பரப்பினர். ஸ்வீடனிலோ, யூதரல்லாத குடும்பங்களும் அழகு கருதி அதனைச் சூடின.

இப்பெயருடைய இருவரை அருகருகே நிறுத்திப் பார்ப்போம். குடியேறிய ஏழை லித்துவேனிய யூதப் பெற்றோர்க்கு 1890-இல் இங்கிலாந்தில் பிறந்தவர் ஐசக் ரோசன்பெர்க். கவிஞரும் ஓவியருமாகிய அவர், ஆங்கிலப் படைவீரராக 1918 ஏப்ரல் முதல் நாள் பிரான்சுப் போர்க்களத்தில் உயிர்நீத்தார். மற்றொருவன், 1893-இல் பால்டிக் கரையில் ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்த ஆல்பிரட் ரோசன்பெர்க். இரத்தத் தூய்மை பேசி யூதப் பகைமையை வளர்த்த நாஜிக் கொள்கையாளன் இவனே. நியூரம்பர்க் தீர்ப்பின்படி 1946 அக்டோபர் 16-இல் தூக்கிலிடப்பட்டான். அவன் வளர்த்த வெறுப்பிற்கு இரையான யூதருள் ரோசன்பெர்க் என்னும் பெயருடையோரும் உளர் என்பது எத்துணைக் கொடிது!

அவ்வரசிற்கும் யூதரை இனங்காணக் குடும்பப் பெயர் போதவில்லை. ஆகவே, யூதப் பெயரென அரசு வரையறுத்த முன்பெயர் இல்லாத யூத ஆடவர் ‘இஸ்ரேல்’ என்றும், பெண்டிர் ‘சாரா’ என்றும் கூடுதல் பெயர் ஏற்கவேண்டும் என 1938-இல் ஆணையிட்டது. பெயரிலிருந்தே ஒருவர் குலத்தை அறியலாம் என்னும் நம்பிக்கை, அதனைப் பெரிதும் விரும்பியோர் கையிலேயே பொய்த்துப்போயிற்று.

ஆதலின், நம் காலனியில் புதிதாய்க் குடிவரும் ஒருவரை வரவேற்கும்போது, அவர் பெயரைக் கேட்போம். அதன்மேல் நம் தீர்ப்பை ஏற்றாதிருப்போம். பல மாநிலத்தார் கூடி வாழும் இவ்விடத்தில் நமக்கு வேண்டிய படிப்பினை இதுவே.