ஊழியம்: கட்டாய வேலை பட்டமான கதை

பிள்ளைச்சாவடி என்ற ஊர்ப்பெயரில் உள்ள சாவடி, வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். அதே சொல் காவல்சாவடி, சுங்கச்சாவடி என்று அதிகாரத்தின் வாசலுக்கும் போனது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் நாள்தோறும் புழங்கும் ‘ஊழியம்’ இதைவிட நெடுந்தூரம் நடந்த சொல். 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஊழியம் என்றால், ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்குக் கூலியின்றிச் செய்தாக வேண்டிய வேலை. டச்சுக்காரர் ஆண்ட யாழ்ப்பாணத்திலும் அந்தப் பெயரில் அந்தச் சுமை இருந்தது. கூப்பிட்ட நேரத்தில் போயாக வேண்டும்; ஞாயிறு ஆராதனைக்காவது விலக்குத் தரும்படி திருவிதாங்கூரில் மிஷனரிகள் மன்றாட வேண்டியிருந்தது. பழைய வேதாகம மொழிபெயர்ப்பு, மாற்கு 10:45-இல் இயேசு வந்த நோக்கத்தைச் சொல்ல எடுத்த சொல்லும் இதுவே. அதற்கு முந்திய வசனங்களில், புறஜாதியாரின் அதிபதிகள் இறுமாப்பாய் ஆளுவதைச் சுட்டிய பின், முதல்வனாக விரும்புகிறவன் எல்லோருக்கும் ‘டூலொஸ்’ ஆகட்டும் என்கிறது கிரேக்க மூலம். டூலொஸ் என்றால் அடிமை. கத்தோலிக்கர் கையாளும் ‘தொண்டு’ சைவ அடியார் மரபில் மதிப்பேறிய அழகிய சொல். ஆனால் முதுகு நோகும் வலி ஊழியத்தில்தான் இருக்கிறது.

இன்றோ ‘தேவ ஊழியர்’ என்பது கூட்டச் சுவரொட்டியில் ஆளுயரப் படத்துக்கு மேலே அச்சாகும் பட்டம். லத்தீனில் ஏவலாளைக் குறித்த ‘மினிஸ்தர்’ ஐரோப்பாவில் அமைச்சரானார். சொல் உயர்வது இயல்பு, வேரைக் காட்டி இன்றைய மனிதரைக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். வேரை விட்டுவிடுவோம், யார் கூப்பிட யார் வருகிறார் என்பதை மட்டும் பார்ப்போம். புதுச்சேரியில் அதற்குச் சான்று உண்டு. 1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: கிறிஸ்தவக் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்றது ஒரு சுவர். எல்லோரும் உங்கள் சீடர்தானே என்று அவர்கள் முறையிட்டார்கள். குருமார் சுவரை இடித்தார்கள். மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழ, விவகாரம் ஆளுநர் துய்ப்ளே வரை போனது. சுவருக்கு அப்பால் நின்றவர் கூப்பிட்டார், குரு வந்தார். அன்று அந்தக் குருமார் செய்தது ஊழியம்.

அதிகாரம் இல்லாமல் சபை நடக்குமா என்பது வலுவான மறுப்பு. சுவரை இடிக்கவும் அதிகாரம் வேண்டியிருந்ததே! யோவான் 13-இல் இயேசுவும் தாம் ஆண்டவரும் போதகரும் என்பதை மறுக்கவில்லை. சீடர் அப்படி அழைப்பது சரி என்றே சொல்கிறார். சொன்னது, அவர்கள் கால்களைக் கழுவித் துடைத்து முடித்த பிறகு.