பஸ் என்றால் 'எல்லோருக்கும்'

சொற்களின் பூர்வீகத்தைத் தேடிப் போவது எனக்குப் பழைய வியாதி. இந்தத் தடவை மாட்டிய சொல் 'பஸ்'. நாம தினமும் ஏறி இறங்குற பஸ்தான். தேடிப் போனது இங்கிலீஷ் வரலாற்றுக்குள்ளே. கடைசியில் வந்து நின்றது சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில். ஏன் அங்கே போய் நின்றது என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் சொல். இலத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்' என்று அர்த்தம். நாம் 'எல்லாருக்கும்' என்று சொல்லும்போது கடைசியில் ஒரு வேற்றுமை உருபு ஒட்டுகிறது பாருங்க, 'க்கு' என்று, அந்த வேலையைத்தான் இலத்தீனில் 'பஸ்' என்கிற வால் செய்தது. 1820களில் பிரான்சில் பொதுமக்கள் கட்டணம் கொடுத்து ஏறும் குதிரை வண்டிக்கு ஆம்னிபஸ் என்று பெயர் வந்தது. இங்கிலீஷ்காரர்கள் அதை வாங்கி, சில வருஷத்திலேயே தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 'எல்லாருக்கும்' என்பதில் 'எல்லார்' போய் 'க்கும்' மட்டும் மிஞ்சின மாதிரி. "சாத்தூர் க்கும் வந்துருச்சா?" என்று நாம் கேட்டால் எப்படி இருக்கும்! அப்படித்தான் உலகமே இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால் 'எல்லோருக்கும்' என்பது லேசில் வந்துவிடவில்லை. 1662இல் பாரிஸில் பாஸ்கல் (ஆமாம், கணித மேதை பாஸ்கல்தான்) முன்கை எடுத்து, குறித்த தடத்தில் ஓடும் வாடகை வண்டிகளைத் தொடங்கிவைத்தார். கட்டணம் 5 சோல். சிப்பாய்கள், வேலையாட்கள், உடலுழைப்பாளிகள் ஏறக்கூடாது என்று பாரிஸ் நீதிமன்றம் தடை போட்டது. கொஞ்ச வருஷத்தில் வண்டிகளே நின்றுபோயின. 1829 ஜூலையில் ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் லண்டனில் பாடிங்டனிலிருந்து பாங்க் வரை மூன்று குதிரை பூட்டிய ஆம்னிபஸ்ஸை ஓடவிட்டார். 22 பேர் உட்காரலாம், ஒரு ஷில்லிங் கட்டணம். கூலித் தொழிலாளிக்கு அது கட்டுப்படியாகாது. பெயரளவில்தான் எல்லோருக்கும்.

இதே ஷில்லிபியர் அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1827இல், இன்னொரு வண்டி செய்து கொடுத்திருக்கிறார். லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்டோக் நியூவிங்டனில் குவேக்கர்கள் நடத்திய பெண்கள் பள்ளி ஒன்றுக்கு, 25 பேர் உட்காரும் வண்டி. உலகின் முதல் பள்ளிப் பேருந்து என்று இதைத்தான் சொல்கிறார்கள். லண்டன் நகரத்து பஸ்ஸுக்கு மூத்தது ஒரு ஸ்கூல் பஸ். எனக்கு இது ரொம்பப் பிடித்த தகவல்.

அதே 1827, ஏப்ரல் மாதம். வட இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்ற ஊரில் ஜான் வாக்கர் என்கிற மருந்துக் கடைக்காரர் உரசினால் பற்றும் தீக்குச்சியை முதன்முதலாக விற்றார். 'மேட்ச்' என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு முதலில் விளக்குத் திரி என்றுதான் பொருள். பிறகு பீரங்கிக்கு நெருப்பு வைக்கும் கயிறு, அப்புறம்தான் தீக்குச்சி. நம்மிடமும் அதே கதைதான். 'வத்தி' என்றால் திரி. அதிலிருந்து வத்திக்குச்சி, வத்திப்பெட்டி. எங்கோ இருக்கிற இரண்டு மொழிகளும் ஒரே வழியில் யோசித்திருக்கின்றன.

ஆக, பள்ளிக்கூட பஸ்ஸும் தீக்குச்சியும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். இவை இரண்டும் பிற்காலத்தில் சந்தித்துக்கொண்ட இடம் ஒன்று உண்டென்றால், அது நம்ம சிவகாசி வட்டாரம்தான். சந்திப்பு நல்லபடியாக இல்லை.

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923இல் ஊர் திரும்பினார்கள். மழை குறைந்த வானம் பார்த்த பூமி; விவசாயம் கைகொடுக்காத ஊருக்கு இந்தக் காய்ந்த வெயிலே மூலதனமானது. தீப்பெட்டி, அப்புறம் பட்டாசு, இரண்டுக்கும் லேபிள் ஒட்ட அச்சுத் தொழில் என்று ஒன்றைப் பிடித்து ஒன்று வளர்ந்தது. 'குட்டி ஜப்பான்' என்று நேரு பாராட்டியதாக இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டிய உழைப்புதான், சந்தேகமில்லை.

ஆனால் அந்த உழைப்பில் சின்னக் கைகளும் இருந்தன. குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது எல்லாம் எண்ணிக்கைக்குக் கூலி. விரல் சின்னதாக இருந்தால் வேகம் அதிகம் என்று ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார்கள். எங்க பக்கத்தில் யாரும் 'தொழிற்சாலை' என்று சொல்லமாட்டார்கள். 'தீப்பெட்டி ஆபீஸ்', 'பயராபீஸ்' என்றுதான் பேச்சு. 'ஆபீஸ்' இலத்தீனில் 'கடமை' என்ற பொருளில் புறப்பட்ட சொல். எட்டு வயசுப் பிள்ளை எங்கே என்று கேட்டால் "ஆபீசுக்குப் போயிருக்கா" என்று பதில் வரும். இந்த வாக்கியத்தின் கனத்தை உணர அகராதி தேவையில்லை.

ஆபீசுக்குக் கூட்டிப்போக பஸ் வரும். 1983இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை, சிவகாசி வட்டாரத்தில் 45,000 குழந்தைகள் வேலை செய்வதாகக் கணக்குச் சொன்னது. விடியுமுன் மூன்று மணியிலிருந்தே வண்டிகள் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை அள்ளிப்போனதையும், இருட்டின பிறகு கொண்டுவந்து விட்டதையும் அது பதிவு செய்தது. ஊருக்கு ஓர் ஏஜென்ட். பெற்றோருக்கு முன்பணம். 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படமும், எழுத்தாளர் பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' திரைப்படமும் இந்த உலகத்தைத்தான் காட்டின.

எங்க பெரியம்மா அப்படிப் போனவர்தான். வயசு இப்போ அறுபதுக்கு மேல். "ஹாரன் சத்தம் கேக்குமுன்னாடியே எங்கம்மா எழுப்பி உக்கார வச்சுரும். பாதித் தூக்கத்துல ஏறுவோம், மீதித் தூக்கம் பஸ்ஸுல. இப்பவும் மூணு மணிக்கு முழிப்புத் தட்டிருது, என்ன செய்ய" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். வெத்தலையை மடிச்சுக்கிட்டே சாதாரணமாகச் சொல்வார்.

கணக்குப் போட்டுப் பாருங்க. காலை மூன்று மணிக்கு எழுந்து, இரவு ஏழு மணிக்கு வீடு வந்து, சாப்பிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தால் ஆறு மணி நேரத் தூக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். சம்பளம், வெடிமருந்து, இருமல் இவற்றைப் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பறிபோன தூக்கத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை.

இந்த இடத்தில் மூன்று சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

'ஸ்கூல்': கிரேக்கத்தில் இதற்குப் பொருள் ஓய்வு. வயிற்றுப்பாட்டு வேலையிலிருந்து விடுபட்ட நேரத்தில் பேசவும் சிந்திக்கவும் செய்ததால், அந்த ஓய்வே பிறகு கல்விக்கும் கல்வி நடக்கும் இடத்துக்கும் பெயராயிற்று. இலத்தீன் வழியாகப் பழைய ஆங்கிலத்துக்கு வந்தது. 597இல் ரோமிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திறங்கிய துறவிகளும் அவர்களுக்குப் பின் எழுந்த மடாலயப் பள்ளிகளும் அதற்குப் பாதை போட்டன.

'டிராவல்': 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக வந்த சொல். மூலம், மூன்று கட்டைகளால் ஆன வதைக்கருவிக்கான இலத்தீன் பெயர். வதை என்பது கடும் உழைப்பாகி, உழைப்பு என்பது பயணமாயிற்று. அந்தக் காலத்துப் பயணம் அப்படி!

'பள்ளி': இது நம்ம சொல். பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள், திருப்பள்ளியெழுச்சி எல்லாம் ஞாபகம் வருதா? பள்ளி என்றால் படுக்கை, உறங்கும் இடம். மதுரையைச் சுற்றிய குன்றுகளில் சமண முனிவர்களின் கல் படுக்கைகளை இன்றும் பார்க்கலாம். அவர்கள் தங்கிய இடம் பள்ளி. அங்கே பாடமும் சொல்லிக்கொடுத்ததால் கல்விக்கூடமும் பள்ளி ஆனது என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

ஓய்வு என்கிறது ஒரு மொழி, உறக்கம் என்கிறது இன்னொரு மொழி. கல்வி என்பது ஓய்ந்து உறங்கி எழுந்த உடம்புக்கு உரியது என்று இரண்டும் சேர்ந்து சொல்வது போல இருக்கிறது. சிவகாசிப் பிள்ளைகளுக்கு வந்த பஸ், இரண்டையும் பறித்துக்கொண்டு டிராவலின் பழைய அர்த்தத்தை மட்டும் கொடுத்தது.

பிறகு மாறியது. 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் 14 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சிறப்புப் பள்ளிகள் வந்தன. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது, 2022இல் காலை உணவும் சேர்ந்தது என்று இன்னொரு பக்கம் சோறு பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது. மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ், மேல்நிலைப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி என்று தூரத்தையும் அரசு குறைத்தது. ஆபீஸ் பஸ் இன்றும் வருகிறது. ஏறுபவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்.

ஆனால் 'எல்லோருக்கும்' என்ற சொல்லுக்கு இந்த மாவட்டத்தில் இன்னொரு பரீட்சையும் நடந்தது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய போக்குவரத்துக் கழகம் வந்தது. கட்டபொம்மன் படையில் இருந்த, தேவேந்திர குலத்தைச் சேர்ந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் சிலர் கிளம்பினார்கள். கலவரம், கல்வீச்சு. முடிவில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை மொத்தமாக நீக்கியது. 1985இலிருந்து காமராசர் மாவட்டமாக இருந்தது அப்போதுதான் விருதுநகர் மாவட்டம் ஆனது. 1662இல் பாரிஸ் வண்டியில் யார் ஏறக்கூடாது என்று சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 335 வருஷம் கழித்து இங்கே, யார் பெயர் போட்ட வண்டியில் ஏறுவது கேவலம் என்று பேசினார்கள். பெயர்ப்பலகையை மாற்றுவது அரசுக்குச் சுலபமாக இருந்தது.

இன்றைக்கு நிலைமை? சாயங்காலம் நாலரை மணிக்கு மெயின் ரோட்டு ஸ்டாப்பில் நின்று பாருங்க. முப்பது நாற்பது பிள்ளைகள், ஒரு டவுன் பஸ். நிற்கிற மாதிரி வந்து ஐம்பதடி தள்ளி நிறுத்தும் வண்டிகள் உண்டு. "பாஸ் பசங்க எல்லாம் பின்னாடி வர்ற வண்டில வாங்கப்பா" என்ற குரலை நானும் படிக்கிற காலத்தில் கேட்டிருக்கிறேன். பின்னாடி வண்டி வரும். ஒன்றரை மணி நேரம் கழித்து. டிரைவரைத் திட்டிப் புண்ணியமில்லை, ஏற்கெனவே ஃபுட்போர்டில் பத்துப் பேர் தொங்குகிறார்கள். இருட்டின பிறகு வீடு வரும் பெண்பிள்ளைக்கு எத்தனை வகுப்போடு படிப்பை நிறுத்தலாம் என்ற பேச்சு வீட்டில் ஆரம்பிப்பது இப்படித்தான். பாஸ் கையில் இருக்கிறது, பஸ்தான் இல்லை.

மாணவர் நலம் என்றதும் ஆலோசகர், யோகா வகுப்பு, தேர்வு பயம் என்று பேசுகிறோம். எல்லாம் தேவைதான். ஆனால் ஒரு கிராமத்துப் பிள்ளையின் தூக்கம், காலைச் சாப்பாடு, விளையாடக் கிடைக்கும் நேரம் எல்லாவற்றையும் தீர்மானிப்பது முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்கிற இரண்டு எண்கள்தான். ஆபீஸ்காரர்களுக்கு அது அன்றே தெரிந்திருந்தது. ஆள் வேண்டும் என்றபோது எந்தக் குக்கிராமத்துக்கும், எந்தக் காட்டுப் பாதையிலும், மூன்று மணிக்கும் அவர்களால் வண்டி அனுப்ப முடிந்தது. ரோடு சரியில்லை, ஆள் ஏறாது, டீசலுக்குக் கட்டாது என்ற காரணங்களெல்லாம் பள்ளிக்கூட நேரத்துக்கு மட்டும் எப்படி முளைக்கின்றன?

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. நம்ம ஊருக்கு முதன்முதலாக பஸ் எந்த வருஷம் வந்தது, அது காலையில் யாரை ஏற்றிக்கொண்டு போனது? பதிலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க. எந்த கெஜட்டிலும் இருக்காது, ஆனால் உங்க ஊர்க் கல்வி வரலாற்றின் முதல் பக்கம் அதுதான்.