சக்கரத்தின்மேல் இல்லறம்



என் இளமையில் எங்கள் ஊரிலிருந்து வைத்தீசுவரன்கோயிலுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு செல்வது வழக்கம். வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சமுக்காளம் விரித்திருப்பார்கள். அரிசி, பருப்பு, புளி, விறகு, ஒரு வெண்கலப் பானை ஆகியவை உடன் வரும். வழியில் வாய்க்கால் ஒன்றைக் கண்டால் மாடுகளை அவிழ்த்துவிட்டுச் சமைத்து உண்போம். இரவில் வண்டியிலேயே உறக்கம். இரண்டு நாட்களுக்கு அந்த வண்டியே எங்களுக்கு வீடு. மூன்றாம் நாள் ஊர் திரும்பிவிடுவோம். திரும்பாமலே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்ற வினா அந்நாளில் என் உள்ளத்தில் எழுந்ததில்லை.

தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று, அறுபது வயதையும் கடந்த பின்னரே அவ்வினா எழுந்தது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் என் மகன் பணியாற்றுகிறான். நானும் என் மனைவியும் ஒரு குளிர்காலத்தை அவனுடன் கழித்தோம். சனவரித் திங்களில் ஒரு நாள், மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குவார்ட்ஸைட் என்னும் சிற்றூருக்கு எங்களை அழைத்துச் சென்றான். அது பாலைநிலம். கள்ளியும் சரளைக் கல்லுமே எங்கும் தெரிந்தன. அந்நிலத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரையில் வீட்டு வண்டிகள் நின்றன. அவற்றின் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவருள் பெரும்பாலோர் என் வயதினர்; கணவனும் மனைவியுமாக வாழ்பவர். அவர்கள் எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தனர், எவ்வாறு நாள் கழிக்கின்றனர் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிக் கூறுவேன். நம் நாட்டில் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியைக் 'கேரவன்' என்கிறோம் அன்றோ? ஏறத்தாழ அத்தகையதே இது. தானே இயந்திரம் உடையது ஒரு வகை. அதனை மோட்டார் ஹோம் என்பர். காருக்குப் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படுவது மற்றொரு வகை, அது டிரெய்லர். இரண்டிலும் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை உண்டு.

இன்பத்திற்காக இவ்வாறு ஊர் சுற்றும் வழக்கத்தைத் தொடங்கியவருள் ஒருவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்து நாட்டினர். கடற்படை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், கதைகள் எழுதியவர். 1885-இல் இரண்டு குதிரைகள் இழுக்கும் பெரிய வண்டி ஒன்றைச் செய்வித்து, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரையில் பயணம் செய்தார். ஆனால் அவருடன் வண்டியோட்டியும் பணியாளும் இருந்தனர். செல்வர்க்கே உரிய பொழுதுபோக்காக அன்று அது இருந்தது.

அதனை எளியோர்க்கும் உரியதாக்கியது மோட்டார் வண்டியேயாகும். முதல் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்கர் பலர் தம் ஃபோர்டு வண்டிகளில் கூடாரத்தையும் தகரக் குவளையில் அடைத்த உணவையும் ஏற்றிக்கொண்டு, குளிருக்கு அஞ்சித் தெற்கே புளோரிடாவுக்குப் போகத் தொடங்கினர். 1919-இல் தாம்பா நகரத்து டி சோட்டோ பூங்காவில் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். தகரக் குவளைப் பயணிகள் என்பது அச்சங்கத்தின் பெயர். வண்டியின் முன்பக்கத்து மூடியின்மேல் ஒரு தகரக் குவளையைப் பற்றவைத்துக்கொள்வது உறுப்பினரின் அடையாளம்.

முதியோர் பெருந்தொகையினராக இவ்வழியில் வந்ததற்குக் காரணங்கள் மூன்று என்று நான் கருதுகிறேன். முதலாவது, ஓய்வூதியம். குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1935 ஆகஸ்டு 14-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1940 சனவரியில் மாதந்தோறும் பணம் வழங்கும் முறை தொடங்கியது. அதன்படி முதன்முதலில் பணம் பெற்ற ஐடா மே புல்லர் என்னும் அம்மையாருக்குக் கிடைத்த தொகை 22 டாலர் 54 சென்ட். தொகை சிறிதே. எனினும், எந்த ஊரில் இருந்தாலும் தவறாமல் வரும் பணம் அது. இரண்டாவது, சாலை. 1956-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 41,000 மைல் நீளத்திற்குப் பெருவழிகள் அமைக்கத் திட்டமிட்டனர். மூன்றாவது, வண்டியும் தங்குமிடமும் எளிதிற் கிடைத்தமை. 1962-இல் மாண்டானா மாநிலத்துப் பில்லிங்ஸ் நகரில் கே.ஓ.ஏ. என்னும் தங்குமிட நிறுவனம் தோன்றியது. 1966-இல் அயோவா மாநிலத்து வின்னிபாகோ நிறுவனம், கார்களைச் செய்வது போலத் தொடர்முறையில் மோட்டார் ஹோம்களைச் செய்யத் தொடங்கியதால் விலை குறைந்தது.

இவ்விடத்தில் வாலி பையம் என்பாரையும் நினைவுகூர வேண்டும். வெள்ளி போல் மின்னும் ஏர்ஸ்டிரீம் டிரெய்லரை உருவாக்கியவர் அவர். 1959-இல் அவர் தலைமையில் 41 டிரெய்லர்கள் ஆப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டில் கெய்ரோவை அடைந்தன. அக்கூட்டத்தில் ஓய்வு பெற்றோரும் இருந்தனர். முதுமை என்பது சாய்வு நாற்காலிக்கு மட்டும் உரியதன்று என்ற எண்ணம் பரவ இத்தகைய பயணங்கள் உதவின.

இனி, அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். குவார்ட்ஸைட்டில் எங்களுக்குத் தேநீர் அளித்த தம்பதியர், பள்ளிப் பேருந்து ஓட்டியவரும் மருத்துவமனையில் செவிலியாக இருந்த அவருடைய மனைவியும் ஆவர். ஏழாண்டுகளாக வண்டியே அவர்களுக்கு வீடு. ஓரிடத்தை அடைந்ததும் அவர்கள் செய்யும் முதல் வேலை வண்டியைச் சமநிலைப்படுத்துவது. சக்கரத்தின் கீழ்ப் பலகைகளை இட்டு, ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார்கள். தரை சாய்ந்திருந்தால் உறக்கமும் கெடும்; சில வகைக் குளிர்பெட்டிகளும் ஒழுங்காக இயங்கா. வண்டியைப் பின்னோக்கி நிறுத்தும்போது மனைவி பின்னே நின்று கையசைத்து வழி காட்ட வேண்டும். "நாற்பது ஆண்டுத் திருமண வாழ்வில் நாங்கள் போட்ட சண்டைகளில் பாதி இதனால்தான்" என்று அந்த அம்மையார் சொல்லிச் சிரித்தார்.

தண்ணீரை அவர்கள் அளந்து செலவிடுகின்றனர். உடலை நனைத்தவுடன் குழாயை மூடிவிட்டுச் சோப்புத் தேய்த்து, மீண்டும் திறந்து கழுவிக்கொள்கின்றனர். குளித்த நீருக்கு ஒரு தொட்டி. கழிவறைக்கு வேறொரு தொட்டி. சில நாட்களுக்கு ஒருமுறை அவற்றை அதற்கென அமைந்த இடத்திற்குக் கொண்டுபோய்க் குழாய் மாட்டி வெளியேற்ற வேண்டும். அது கணவரின் பொறுப்பு. கூரையிலுள்ள சூரிய ஒளித் தகடுகள் விளக்குக்கு மின்சாரம் தருகின்றன. புதிய பொருள் ஒன்று உள்ளே வந்தால் பழைய பொருள் ஒன்று வெளியே போக வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. படித்து முடித்த நூலைத் தங்குமிடத்து அலமாரியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்கின்றனர்.

பொழுதுபோக்குகளோ பல. குவார்ட்ஸைட்டில் முதன்மையானது கல் சேகரித்தல். 1967 முதல் அங்குக் கற்கண்காட்சி நடந்து வருகிறது. பாலைநிலத்தில் பொறுக்கிய கற்களைச் சுழலும் உருளையில் மணலோடு இட்டுப் பல வாரங்கள் மெருகேற்றுகின்றனர். அந்த ஓட்டுநர் என் கையில் ஒரு செந்நிறக் கல்லை வைத்தார். கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தது. அவர் மனைவி ஒட்டுத்துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிறார். பறவைகளைக் கண்டு குறிப்பெடுப்போர், வானொலி நிலையம் வைத்துத் தொலைவிலுள்ள நண்பருடன் பேசுவோர், மரம் செதுக்குவோர், கூடி நடனமாடுவோர் எனப் பலரும் உண்டு. கோடையில் சிலர் தேசியப் பூங்காக்களில் ஊதியமின்றித் தொண்டு செய்து, அதற்கு ஈடாகத் தங்குமிடம் பெறுகின்றனர்.

ஓரிடத்தும் நிலைத்திராத இவர்களுக்கு அண்டை வீட்டார் யார்? இதனை டோரத்தி கவுன்ட்ஸ், டேவிட் கவுன்ட்ஸ் என்னும் மானிடவியல் அறிஞர் இருவர் ஆராய்ந்துள்ளனர். கணவன் மனைவியரான இவர்கள் முன்னர்ப் பாப்புவா நியூகினியில் ஆய்வு செய்தவர்கள். பின்னர்த் தாமும் ஒரு டிரெய்லரில் வாழ்ந்து, வண்டிவாழ் முதியோரைப் பற்றி 1996-இல் நூல் வெளியிட்டனர். உணவைப் பகிர்வதும் உழைப்பைப் பகிர்வதுமே அந்நியரை உறவினராக்குகின்றன என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று. நான் கண்டதும் அதுவே. மாலையில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தில் ஏதேனும் சமைத்துக்கொண்டு ஓரிடத்திற் கூடினர். பெயர் கேட்ட பின் அடுத்த கேள்வி, "உங்கள் வண்டியில் பழுது ஏதேனும் உண்டா?" என்பதாக இருந்தது.

இதுவரை கூறியதைக் கேட்டு இது குறையற்ற வாழ்வு என்று நீங்கள் எண்ணிவிடலாகாது. 2008-இல் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர், வேறு வழியின்றி வண்டிகளிற் குடியேறினர். பண்டக சாலைகளிலும் சர்க்கரைக்கிழங்கு அறுவடையிலும் கூலி வேலை தேடி மாநிலம் மாநிலமாக அலைந்தனர். ஜெசிகா புரூடர் என்னும் இதழாளர் 2017-இல் வெளியிட்ட 'நோமட்லாண்ட்' என்னும் நூல் அவர்தம் துயரை உலகறியச் செய்தது. அதனைத் தழுவிய திரைப்படம் 2021-இல் சிறந்த படத்திற்கான ஆஸ்கர் பரிசைப் பெற்றது. ஒரே பாலைநிலத்தில், ஒரே வகை வண்டிகளில், விரும்பி வந்தவரும் விரட்டப்பட்டு வந்தவரும் அருகருகே நிற்கின்றனர். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரிவதில்லை.

தேநீர் அருந்தி முடித்ததும் என் மனைவி அந்த அம்மையாரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். என் மகன்தான் மொழிபெயர்த்தான். "நோய் வந்தால் என்ன செய்வீர்கள்? இவரால் வண்டி ஓட்ட முடியாத நாள் வந்தால்?"

அவர்கள் தயங்கவில்லை. அந்த அம்மையார் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். இருவரில் ஒருவர் "இனிப் போதும்" என்று சொன்னால் மற்றவர் மறுக்கக்கூடாது; அதன்பின் எந்த ஊரில் நிற்பது, வண்டியை யாருக்கு விற்பது, யாருக்குத் தகவல் சொல்வது என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன. இத்தகையோருக்கென்றே ஓர் ஏற்பாடும் உண்டு என்பதை அவர்கள் வாயிலாக அறிந்தேன். ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்னும் தம்பதியர் 1978-இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்னும் சங்கம், டெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டன் நகரில் ஓர் இல்லம் அமைத்தது. முதுமையால் தளர்ந்தவர் தம் வண்டியிலேயே அங்கு வந்து தங்கலாம். உணவும் உதவியும் கிடைக்கும். அச்சங்கம் உறுப்பினர்க்கு நிலையான முகவரி ஒன்றையும் தந்து, வரும் கடிதங்களை இருக்குமிடத்திற்கு அனுப்பி வைக்கிறது.

அன்று திரும்பி வரும் வழியில் என் மனைவி நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நம்மிடம் அப்படி ஒரு தாள் இல்லையே" என்றாள். நான் விடை கூற இயலாமல் இருந்தேன். ஊரிலுள்ள வீட்டை விற்றுவிட்டுத் தன்னுடன் வந்துவிடுமாறு மகன் ஈராண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் "பார்க்கலாம்" என்றே சொல்லி வந்தேன். அவளை நான் ஒருமுறையேனும் கேட்டதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்களைக் கேள்வி கேட்டு வாழ்ந்தவன், வீட்டில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேளாமலே இருந்திருக்கிறேன்.

ஊர் திரும்பியபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அமர்ந்து எழுதினோம். வீட்டை இப்போது விற்பதில்லை. மாடிப்படி ஏற எவருக்கு முதலில் இயலாமற் போகிறதோ, அவர் சொல்லே முடிவு. பரணிலிருந்த பாத்திரங்களில் பாதியை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். என் பழைய வினாத்தாள் கட்டுகள் பழைய காகிதக் கடைக்குப் போயின. வெண்கலப் பானையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

நாம் அனைவரும் வண்டியேறிப் புறப்பட வேண்டும் என்று நான் கூறவில்லை. நம் நாட்டுச் சாலைகளும் உறவுமுறைகளும் வேறு. ஆயினும், முதுமையில் எவ்விடத்தில், எவரோடு, எவ்வளவு பொருளோடு வாழ்வது என்பதைக் கணவனும் மனைவியும் உடல்நலம் இருக்கும்போதே கலந்து பேசி எழுதி வைப்பது எந்நாட்டார்க்கும் பொருந்தும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் என் வயதினர், வானொலிப் பெட்டியை நிறுத்தியபின் அந்தப் பேச்சைத் தொடங்குவார்களாயின் மகிழ்வேன்.