ஜியோலைட்டின் உட்பரப்பும் ஜான் மியூரிக் தாமஸின் ஆய்வுமுறையும்

ஜான் மியூரிக் தாமஸ் (1932–2020) வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். சுவான்சியில் பட்டம் பெற்று, பாங்கரிலும் அபெரிஸ்ட்வித்திலும் கற்பித்தபின், 1978இல் கேம்பிரிட்ஜ் இயற்பிய வேதியியல் துறைக்குத் தலைவரானார். 1986 முதல் 1991 வரை லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் இயக்குநராக இருந்தார். அவர் உருவாக்கிய வினையூக்கிகளைவிட, அவற்றை அறிவதற்குக் கையாண்ட முறையே வேதியியலுக்கு அவர் அளித்த பெரிய கொடை என்பது இக்கட்டுரையின் துணிபு.

சாதாரண உலோக வினையூக்கியில் வினை வெளிப்பரப்பில் நிகழ்கிறது. அங்குள்ள அணுக்களின் சூழல் இடத்துக்கு இடம் வேறுபடும். ஜியோலைட்டிலோ சிலிக்கன், அலுமினிய நான்முகிகள் ஆக்சிஜனைப் பகிர்ந்து, மூலக்கூறு அளவிலான துளைகள் கொண்ட படிகமாகின்றன. துளைகளின் சுவரும் படிகத்தின் ஒழுங்கான பகுதியே. அலுமினியம் அமரும் ஒவ்வோரிடத்திலும் ஓர் எதிர்மின்சுமை தோன்றுகிறது. அதை ஈடுசெய்யும் புரோட்டான் அமில மையமாகிறது. ஆகவே அலுமினியத்தின் இருப்பிடமே வினைத்திறனை முடிவு செய்கிறது. ஆனால் அணு எண் 13, 14 கொண்ட இவ்விரு தனிமங்களையும் எக்ஸ் கதிரால் வேறுபடுத்துவது கடினம்.

இச்சிக்கலுக்கு, மாதிரியை 54.74 பாகைக் கோணத்தில் சாய்த்துச் சுழற்றும் திண்மநிலை அணுக்கரு காந்த ஒத்திசைவு வழிகாட்டியது. லிப்மா, ஏங்கல்ஹார்ட் குழுவினர் தொடங்கிய இம்முறையை, காலின் ஃபைஃப், யாசெக் கிளினோவ்ஸ்கி ஆகியோருடன் தாமஸ் ஜியோலைட்டுகளுக்கு விரிவாகப் பயன்படுத்தினார். ஒரு சிலிக்கனைச் சுற்றி எத்தனை அலுமினியம் உள்ளன என்பதற்கேற்ப 29 நிறையெண் சிலிக்கனின் ஒத்திசைவு ஐந்து கோடுகள் வரை பிரியும்.

ஜியோலைட் ஏ தந்தது ஒரே கோடு. பிற ஜியோலைட்டுகளோடு ஒப்பிட்டபோது, அது மூன்று அலுமினிய அண்டைகள் கொண்ட சிலிக்கனுக்குரிய எல்லையில் விழுந்தது. கேம்பிரிட்ஜ் குழுவும் முதலில் அவ்வாறே கொண்டது. அப்படியானால் இரு அலுமினிய நான்முகிகள் அடுத்தடுத்து அமையா என்னும் லோவன்ஸ்டைன் விதி (1954) அங்கே மீறப்படுகிறது. பின்னர் அதே கட்டமைப்பும் மிகுதியான சிலிக்கனும் உடைய இசட்.கே-4ஐ ஆராய்ந்தபோது, ஜியோலைட் ஏயின் கோடு நான்கு அலுமினிய அண்டைகளுக்குரியது என்று தெளிவாயிற்று, விதி நிலைத்தது. பிணைப்புக் கோணங்களும் கோட்டின் இடத்தை மாற்றும் என்பதால், ஒற்றை அளவீட்டை மட்டும் கொண்டு அமைப்பைத் தீர்மானிக்கலாகாது.

படிகம் முழுவதும் ஒரே சீரானது என்ற எண்ணத்துக்கும் வரம்புண்டு. உயர்பகுதிறன் மின்னணு நுண்ணோக்கியால் தாமஸும் மில்வார்டும் 1982இல், இசட்.எஸ்.எம்-5 படிகத்தினுள் இசட்.எஸ்.எம்-11 அடுக்குகள் ஊடுவளர்ந்திருப்பதை நேரடியாகக் காட்டினர். முழுப் படிகத்தின் சராசரியைத் தரும் முறைகளில் இத்தகைய குறைகள் புலப்படுவது அரிது.

அடுத்த சிக்கல், வினை நிகழும் சூழலிலேயே வினையூக்கியை ஆராய்வது. விளிம்பு விளைவு நெடுந்தொலைவு ஒழுங்கைக் காட்டும். எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலை ஓர் அணுவின் அண்மைச் சூழலைக் காட்டும். 1991இல் தாமஸும் சக ஆய்வாளர்களும் இவ்விரண்டையும் ஒரே கருவியில் இணைத்து, செம்பு–துத்தநாகக் கார்பனேட்டான ஆரிகால்சைட் வெப்பத்தில் சிதைவதைத் தொடர்ந்து பதிவு செய்தனர்.

அறிதல் வடிவமைப்பாக மாறியது 1995இல். மாஷ்மேயர், ரே, சங்கர் ஆகியோருடன் சேர்ந்து, எம்.சி.எம்-41 என்னும் இடைத்துளைச் சிலிக்காவின் உட்சுவரில் டைட்டனோசீன் வழியாகத் தனித்தனி டைட்டேனியம் மையங்களைப் பதித்தார். ஆல்கீன்களை எப்பாக்சைடாக்கும் அம்மையங்களின் அமைப்பை உட்கவர் நிறமாலை உறுதிப்படுத்தியது. பின்னர் ராபர்ட் ராஜாவுடன், ஒரே அலுமினோபாஸ்பேட்டில் ஆக்சிஜனேற்ற மையத்தையும் அமில மையத்தையும் அமைத்தார். சைக்ளோஹெக்சனோன், காற்று, அம்மோனியா ஆகியவற்றிலிருந்து நைலான்-6இன் மூலப்பொருளான காப்ரோலாக்டத்தை ஒரே கலனில் பெறும் வழியை 2005இல் இருவரும் வெளியிட்டனர்.

இவ்வாய்வுகளில் ஒவ்வொரு கருவியும் மற்றொன்றின் குறையை ஈடுசெய்தது. ஒத்திசைவு அண்டை அணுக்களையும், நுண்ணோக்கி அடுக்குக் குறைகளையும், உட்கவர் நிறமாலை வினைமையத்தையும் காட்டின. பட்டறிவால் தேடப்பட்ட திண்ம வினையூக்கியை அணு அளவில் திட்டமிடக்கூடிய பொருளாக மாற்றியது இந்த ஒருங்கிணைப்பே. தாமஸின் தனிச்சிறப்பு அதில்தான் உள்ளது.