ஒருசந்தியும் குடிலும்: புதுச்சேரி இல்லங்களில் கிறிஸ்து பிறப்பு விழா

புதுச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பங்களின் கிறிஸ்து பிறப்பு விழாவில் எது சமயம், எது ஊர் வழக்கம் என்ற கேள்விக்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. பிரெஞ்சுக் கும்பினியின் சார்பில் பிரான்சுவா மர்த்தேன் 1674இல் இங்கே குடியேற்றத்தை நிறுவிய பிறகு, பிரான்சிஸ்கன் மரபில் கிளைத்த கப்பூச்சின் துறவியர் ஐரோப்பியரின் ஆன்மிகப் பணியையும், சற்றுப் பின்னர் வந்த சேசு சபையார் தமிழரிடையே மறைப்பணியையும் மேற்கொண்டனர். இவ்விரு சபையினரின் நினைவும் ஊர்ப் பேச்சில் இன்றளவும் நிலைத்திருக்கிறது. மிஷன் வீதியிலுள்ள அமல உற்பவ அன்னை பேராலயத்தை மக்கள் 'சம்பா கோவில்' என்பர். சேசு சபையாரின் கோவிலுக்குப் புனித பவுலின் பெயர் வழங்கியதால் வந்த திரிபு அது. கடற்கரையை அடுத்து 1855இல் எழுந்த தேவதூதர்களின் அன்னை ஆலயம் 'கப்ஸ் கோவில்' ஆனது கப்பூச்சினரால்.

திருத்தந்தையின் தூதராகக் கீழ்த்திசைக்கு அனுப்பப்பட்ட தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கி, அவ்வாண்டின் கிறிஸ்து பிறப்பு நாளையும் இங்கேயே கழித்து, 1704 ஜூலையில் கப்பலேறினார். புறப்படுமுன் அவர் வெளியிட்ட ஆணை, தமிழ்க் கிறிஸ்தவரின் வீட்டுச் சடங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தது: பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, சிலுவையோ மாதாவின் உருவமோ பொறித்ததாக இருக்கவேண்டும், மணவிழாவில் தேங்காய் உடைக்கக் கூடாது, பெண் பூப்பெய்தியதை விழாவாகக் கொண்டாடக் கூடாது. உள்நாட்டு வழக்கங்களைச் சமயம் சாராதனவாகக் கருதி ஏற்றிருந்த சேசு சபையார் இதை எதிர்த்தனர். 'மலபார்ச் சடங்குகள் பூசல்' எனப்படும் இவ்விவாதம் நாற்பது ஆண்டுகள் நீடித்து, பதினான்காம் பெனடிக்ட் 1744இல் அளித்த தீர்ப்போடுதான் அடங்கியது.

மணம், பூப்பு ஆகியவற்றைப் போலன்றித் திருச்சபையின் நாட்காட்டியிலிருந்தே வந்த பெருவிழா என்பதால், கிறிஸ்து பிறப்பைக் குடும்பங்கள் தம் வழக்கப்படி கொண்டாடுவதற்கு இடம் அகலமாக இருந்தது. வீட்டில் அதைத் தாங்கியது அன்றாட செபம். மாலையில் வீட்டுப் பீடத்தின் முன் விளக்கேற்றிச் சொல்லப்படும் செபமாலையில், சந்தோஷ தேவ இரகசியங்கள் ஐந்தனுள் மூன்றாவது இயேசுவின் பிறப்பு ஆகும். ஆகவே டிசம்பரில் மட்டும் நினைக்கப்படும் செய்தியாக அது இராமல், ஆண்டு முழுவதும் வாரந்தோறும் குடும்பத்தின் வாயில் புழங்கியது.   பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறைப்பணியாளரின் அச்சுக்கூடம் இதற்குத் துணைசெய்தது. வீரமாமுனிவர், இயேசுவை வளர்த்த சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கி இயற்றிய 'தேம்பாவணி' 1851 முதல் 1853 வரை புதுச்சேரியில் மூன்று தொகுதிகளாக அச்சேறியது.

பெருவிழாவுக்கு முந்திய நாளின் ஒழுங்கை வகுத்தது 'ஒருசந்தி', அதாவது ஒரு நாளில் ஒரே வேளை நிறைவாக உண்ணும் நோன்பு. அதனோடு இறைச்சியை விலக்கும் 'சுத்தபோசன'மும் சேரும். திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, பிறப்பு விழாவின் முந்தின நாளை இவ்விரண்டுக்கும் உரிய நாட்களுள் ஒன்றாக வைத்திருந்தது. நடுச்சாமப் பூசை முடிந்து வீடு திரும்பிய பின் உண்ணும் உணவைப் பிரெஞ்சுக்காரர் 'ரெவெயோன்' என்பர்; 'விழித்திருத்தல்' என்ற பொருளில் பிறந்த சொல் அது. விழிப்பும் நோன்பும் முன்னே இருந்ததால்தான் அவ்விருந்துக்கு அப்பெயர் பொருந்தியது. 1966இல் ஆறாம் பவுல் நோன்பு நாட்களைக் குறைத்தபோது இக்கட்டாயம் நீங்கியது. ஆயினும் பூசைக்குப் பிறகே விருந்து என்ற வரிசையை மரபு கைவிடவில்லை.

உணவில் மாற்றங்கள் பல நேர்ந்தன. தம் சாதி, சமயம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தை ஏற்க வழிவகுத்த 1881ஆம் ஆண்டு ஆணைக்குப் பின், 'ரெனோன்சான்' எனப்பட்ட குடும்பங்கள் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களைப் போன்ற பெயர்களைச் சூடியதோடு உணவிலும் உடையிலும் பிரெஞ்சுப் பாங்கைச் சேர்த்துக்கொண்டன. ரவை, வெண்ணெய், முட்டையோடு ரம்மில் ஊறிய உலர்பழங்களையும் முந்திரியையும் சேர்த்துச் செய்யும் 'விவிக்கம் கேக்' அக்கலப்பின் விளைச்சல். முறுக்கும் அதிரசமும் அதே தட்டில் இடம்பெற்று அண்டை வீடுகளுக்குச் செல்வது தீபாவளிப் பலகாரத்துக்குச் செய்யப்படும் பதில் மரியாதை.

இவ்வளவுக்கும் நடுவில் குடில் நிற்கிறது. அசிசி நகரப் பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரெச்சோவில் அமைத்த காட்சியிலிருந்து பரவிய இவ்வழக்கம், தமிழ் வீட்டில் வைக்கோல் கூரையும் களிமண் சுவருமாக மாட்டுக்கொட்டிலின் வடிவெடுத்தது. சில நாட்களுக்கு முன்பே சிறு தட்டுகளில் கேழ்வரகோ கடுகோ விதைத்து, விழாவுக்குள் முளைத்துவிடும் பயிரைப் புல்வெளியாகச் சுற்றிலும் வைப்பர். முளைப்பாரி வளர்க்கும் கைக்குப் பழக்கமான வேலை அது. மாதா, சூசையப்பர், இடையர், ஆடுமாடுகள் ஆகியோரின் சுரூபங்கள், அதாவது திருவுருவங்கள், முன்னதாகவே வந்து நின்றுவிட, தீவனத் தொட்டி மட்டும் வெறுமையாகக் காத்திருக்கும். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து, குழந்தையின் சுரூபத்தை அதில் கிடத்தி, முழந்தாளிட்டுச் செபம் சொன்ன பின்னரே தட்டுகள் திறக்கப்படும்.

தூர்னோன் ஒவ்வொரு வழக்கத்திடமும் அது தாங்கிய அடையாளத்தைக் கேட்டார். வைக்கோலும் முளைப்பயிரும் அதிரசமும் ரம்மும் அக்கேள்வியில் தேறுமா என்று வீடுகள் வாதிடவில்லை. அவற்றைத் தொட்டிக்குப் பக்கத்திலும் செபத்துக்குப் பின்னும் வைத்து, அவற்றுக்குரிய இடத்தைக் காட்டிவிட்டன.